முட்டைக் கணக்கும் வட்டிக் கணக்கும்

போன மாதம் செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினேன். 'பழைய வீடு' என்று நான் சொல்வதை விடுதிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அது 'ஹெரிடேஜ் மாளிகை'. ஊர்ப் பேரும் விடுதிப் பேரும் வேண்டாம். அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். வாசலில் சந்தனம், கையில் நன்னாரி சர்பத், வேட்டி கட்டிய பையன் ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே போவான். திண்ணை, வளவு, தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கடைசிக் கட்டையும் தாண்டினால், பளிச்சென்று நீலமாக ஒரு நீச்சல் குளம்.

சாயங்காலம் வீட்டைச் சுற்றிக்காட்ட ஒருவர் வந்தார். நல்ல பேச்சுக்காரர். சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினோம். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"சுண்ணாம்பு, கடுக்காய், அப்புறம் முட்டையோட வெள்ளைக்கரு. இந்த ஒரு வீட்டுக்கு எத்தனை முட்டை உடைச்சிருப்பாங்க, சொல்லுங்க பாப்போம்?"

ஆயிரம், பத்தாயிரம், லட்சம் என்று ஏலம் போனது. அவர் ஒரு எண் சொன்னார், எல்லோரும் வாயைப் பிளந்தோம். பிறகு தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து என்று ஒரு உலகப்படமே விரிந்தது. நான் ஒரு கேள்வி கேட்டேன். "பர்மாவுல இவங்க என்ன தொழில் பண்ணாங்க?"

"பிசினஸ் ஸார். பெரிய பிசினஸ்."

அவ்வளவுதான். அடுத்த அறைக்குப் போய்விட்டோம். முட்டைக்குக் கணக்கு இருக்கிறது, வட்டிக்குக் கணக்கு இல்லை. என் சண்டை இதோடுதான்.

*

முதலில் வேறொரு புகாரைத் தள்ளிவைத்துவிடுகிறேன். இந்த மாதிரி விடுதிகளைப் பற்றி, புத்தகம் படிக்கிற நம் கூட்டம் வழக்கமாகச் சொல்கிற புகார் அது: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்த ஸ்விம்மிங் பூல்தான் கெடுத்துருச்சு." நூறு வருஷத்து வீட்டுக்குப் பின்னால் குளோரின் வாடையும் குத்துப்பாட்டும் ரசனை உள்ளவர்களுக்குப் பொறுக்காது. என்னோடு வந்த நண்பனும் அதையே சொன்னான். வளவில் தூணோரமாக உட்கார்ந்து புத்தகத்தை விரித்தவன், பின்னாலிருந்து வந்த கூச்சலில் ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை.

நான் குளத்துக்குப் போனேன். சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் நிரம்பி வழிந்தது. சென்னையிலிருந்து வந்த ஐ.டி. கும்பல் ஒன்று ஸ்பீக்கரை அலறவிட்டுப் பந்து எறிந்துகொண்டிருந்தது. மதுரையிலிருந்து மூன்று தலைமுறையாக வந்திறங்கிய குடும்பம் ஒன்று. அதில் ஒரு தாத்தா பனியனோடு இறங்கி, இரண்டு பேத்திகள் தலைக்கும் காலுக்கும் முட்டுக்கொடுக்க, மல்லாந்து மிதக்கப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு பெண் தன் கணவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள், அவன் விளிம்பை விடவே மாட்டேன் என்கிறான். கரையில் தட்டு நிறையக் கந்தரப்பம். வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று அதில் ஒன்றைப் பிட்டுத் தின்றுகொண்டே அந்தக் கணவனுக்குக் கைதட்டி உற்சாகப்படுத்தியது. யாரும் யாரையும் "நீங்க எந்தப் பக்கம்? அங்க எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை.

அந்த வீட்டில் பொய் சொல்லாத இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. குளம் தன்னை நூறு வருஷத்துப் பழசு என்று சொல்லிக்கொள்ளவில்லை. காசு கொடுத்தாய், வந்தாய், நனைந்துவிட்டுப் போ என்கிறது. முன்பக்கம் இருக்கிற பாரம்பரியம் அப்படி இல்லை. அது காசையும் வாங்கிக்கொண்டு, கதையிலும் பாதியை மறைத்துவிடுகிறது.

*

சுற்றிக்காட்டியவர் சொன்ன இன்னொரு வசனம்: "அந்தக் காலத்துல கூட்டுக் குடும்பம் ஸார். அம்பது பேர் ஒண்ணா உக்காந்து சாப்பிட்ட வீடு." கேட்டதும் நெஞ்சு நெகிழ்ந்துவிடும். ஆனால் நகரத்தார் வீடு அதைவிட ருசிகரமான ஒரு ஏற்பாடு. கல்யாணம் ஆனதும் மகனை 'வேறு வைப்பார்கள்'. கூரை ஒன்று, அடுப்பு வேறு. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு 'புள்ளி'. அவனுக்கு வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அப்பாவே அளந்து கொடுப்பார். அதற்குள் குடும்பம் நடத்திப் பழக வேண்டும். வளவைச் சுற்றி வரிசையாக இருக்கிற அறைகள் அந்த மகன்களுக்கு ஒதுக்கியவை. அவற்றிலும் பெரும்பாலும் சாமான்தான் இருந்தது. பெண் கொண்டுவந்த சீர், பித்தளை, வெள்ளி, பெட்டி பெட்டியாகத் துணி. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைத் தவிர மற்றவர்கள் காற்றுக்காக வளவுத் தாழ்வாரத்திலும் கூடத்திலும் பாய் விரித்துப் படுத்தார்கள். இன்றைக்கு நாம் ஏ.சி. போட்டு, ஒரு ராத்திரிக்கு ஐந்து இலக்கத்தில் வாடகை கொடுத்துத் தூங்குவது ஒரு பண்டக அறையில்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வீடு பாசத்தால் மட்டும் கட்டிய வீடு அல்ல. கணக்கால் கட்டிய வீடு. கணக்குதான் அதன் அழகு. அதை எடுத்துவிட்டு வெறும் பாசத்தை விற்பது அந்த வீட்டுக்காரர்களுக்கே செய்கிற அவமரியாதை. வயசு வந்த ஆண்கள் 'கொண்டுவிக்க'ப் போனார்கள். இலங்கை, மலாயா, வியட்நாம், எல்லாவற்றுக்கும் மேலாக பர்மா. வட்டிக்கடை ஏஜெண்டாகப் போகிறவருக்குப் பொதுவாக மூன்று வருஷத் தவணை. அந்த மூன்று வருஷமும் இந்த வளவுகளில் இருந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும். தூணுக்குத் தூண் காத்திருந்த பெண்களைப் பற்றி நான் போன சுற்றுலாவில் ஒரு வார்த்தை இல்லை. ஆச்சியின் கண்டாங்கிச் சேலை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

சரி, பர்மாவுக்கு வருவோம். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு உலகச் சந்தை திறந்தது. ஐராவதி டெல்டாவின் சதுப்புக் காடுகள் வயலாக மாறின. வயலாக்குகிறவனுக்குக் கடன் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் பர்மிய விவசாயியின் வாசல்படி ஏறாது. நடுவில் நின்றவர்கள் செட்டியார்கள். அவர்கள் வட்டி உள்ளூர் லேவாதேவிக்காரர்களின் வட்டியைவிடப் பெரும்பாலும் குறைவு. அவர்கள் பணம் இல்லாமல் அந்த டெல்டா அந்த வேகத்தில் விளைந்திருக்காது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இது வில்லன் கதை இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவும் இல்லை. 1930 வாக்கில் உலகப் பொருளாதாரம் சரிந்தது, அரிசி விலை பாதாளத்துக்குப் போனது. கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் அது 25 சதவீதம். எட்டு வருஷத்தில் நாலில் ஒரு பங்கு! நிலம் வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியவர்கள்கூட இல்லை இவர்கள். பணமாகத் திரும்பினால் போதும் என்றிருந்தவர்கள். இருந்தும், நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் அவர்கள் கிளர்ந்தார்கள். பிரிட்டிஷ் அரசு 1931-ல் அவரைத் தூக்கில் போட்டது. 1941 கடைசியில் ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. 1942-ல் லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடுமாக நடந்தே வந்தார்கள், வழியில் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். அவர்களில் அதிகம் பேர் மாளிகைக்காரர்கள் அல்ல, கூலிகள். சுதந்திரம் வாங்கிய பர்மா நிலத்தைத் தேசியமாக்கியது. செட்டிநாட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

இவ்வளவும் அந்தத் தேக்குத் தூணுக்குள் இருக்கிறது. ஒரு தூணைக் காட்டி ஒரு நூற்றாண்டையே சொல்லிவிடலாம். "பெரிய பிசினஸ் ஸார்" என்று முடித்துவிட்டார்கள்.

*

கடல் கடந்த கதையை விடுங்கள், உள்ளூர்க் கதை என்ன? இந்த வீடுகளில் பல எழும்பிய அதே காலம், அதே ராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தின் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. இதை ஹட்டன் எழுதிவைத்தார், அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். இந்தத் தடைகளைப் போட்டவர்கள் செட்டியார்கள் அல்ல. ஆனால் வளவில் வெள்ளிப் பாத்திரம் அடுக்கியிருந்த அதே வருஷத்தில், பக்கத்துச் சேரியில் ஒருத்தி பித்தளைக் குடம் எடுக்கக் கூடாது என்றிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும்போது "எங்க ட்ரெடிஷன் ஸார்" என்றான் அந்தப் பையன். எந்த ட்ரெடிஷன், யாருடைய செருப்பு என்று கேட்கத் தோன்றியது. அவன் சின்னப் பையன், கேட்கவில்லை.

'பாரம்பரியம்' என்கிற சொல்லின் வசதியே இதுதான். சாதி வீட்டை, சாதியைக் கழித்துவிட்டு வாடகைக்கு விடலாம். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் வளவில் கால்மேல் கால் போட்டு உட்காரலாம். அது நல்ல விஷயம், பெரிய விஷயம். காசு செய்த வேலை என்றாலும் நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு காலத்தில் திண்ணையோடு நிற்க வேண்டியவர் யார், தெருவோடு நிற்க வேண்டியவர் யார் என்று சொல்லாவிட்டால், இன்றைக்கு உள்ளே உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் தெரியாமல் போகும்.

மறுபடி நீச்சல் குளத்துக்கு வருகிறேன். தண்ணீரில் யார் இறங்கலாம் என்பது எங்கேயுமே சின்னக் கேள்வியாக இருந்ததில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அம்பேத்கர் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். ஒரு குளம் அதற்கப்புறம் பழைய குளமாக இல்லை. 1964 ஜூன் 18, அமெரிக்காவில் செயின்ட் அகஸ்டின் என்ற பழம்பெரும் ஊர். மான்சன் மோட்டார் லாட்ஜ் என்ற விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து குதித்தார்கள். விடுதி மேலாளர் குளத்துக்குள் அமிலத்தை ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அந்த விடுதி இன்றைக்கு இல்லை. ஆனால் மார்ட்டின் லூதர் கிங் கைதான அதன் படிக்கட்டை எடுத்துவைத்திருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியதையும் சேர்த்துக் காப்பாற்றுவதைத்தான் மரபுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியும். முட்டைப் பூச்சுக்குப் பாலிஷ் போடுவது பராமரிப்பு.

*

நீச்சல் குளம் பொய் சொல்லவில்லை என்றேன். ஆனால் அதற்கும் ஒரு வாசல் உண்டு. மதுரைக் குடும்பத்துப் பாட்டி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு படியில் இறங்கப் போனார். துண்டு கொடுக்கிற பையன் ஓடிவந்தான்.

"அம்மா, காட்டன் துணியோட இறங்கக் கூடாதும்மா. நைலான் டிரஸ் போட்டாத்தான்."

"அடப்பாவி, கண்மாயில சேலையோட முங்கி எந்திரிச்சவடா நான். தண்ணிக்கு என்னடா டிரஸ்ஸு?"

நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்கும் என்பது நிஜமான காரணம்தான். ஆனால் ஒரு பாட்டி போட்டுக்கொள்கிற மாதிரி நைலான் உடை நாலு வாங்கி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? யாருக்கும் தோன்றவில்லை. பாட்டி படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பையனிடம் பேச்சுக்கொடுத்தேன். நாலு கிலோமீட்டரில் ஊர். நீச்சல் தெரியுமா என்றேன்.

"தெரியும்ணே. எங்க அப்பா கண்மாயில தூக்கிப் போட்டுத்தான் பழக்குனாரு. இப்ப அதுல சீமைக் கருவேலந்தான் நிக்கிது. என் தம்பிக்கு நீச்சல் தெரியாது."

"இங்க எப்பவாவது இறங்கியிருக்கியா?"

சுற்றிலும் பார்த்தான். "ஸ்டாஃப் இறங்கக் கூடாதுண்ணே."

அவன் தம்பிக்கு நீச்சல் தெரியாது என்கிற ஒரு வரி இரண்டு நாளும் என்னை விடவில்லை. ஒரு தலைமுறை முன்னால் அந்த மண்ணில் பையன்களுக்கு நீச்சல் இலவசமாகக் கிடைத்தது. இன்றைக்கு நீச்சலுக்கு ஏற்ற தண்ணீர் இருக்கிற இடம் சுவருக்குள்ளே இருக்கிறது.

செட்டிநாடு மழை குறைந்த பூமி. அந்த வீடுகளைக் கட்டியவர்களுக்கு அது தெரியும். ஓட்டுக் கூரையில் விழுந்த மழை வளவில் இறங்கும், அண்டாக்களில் பிடிப்பார்கள், மிச்சம் கிணற்றுக்கும் வாய்க்கால் வழியே ஊருணிக்கும் போகும். வீடும் ஊருணியும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு முனைகள். வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், ஊருக்கு உதவுகிறவனின் செல்வத்துக்கு உவமையாக எடுத்துக்கொண்டது நிறைந்த ஊருணியைத்தான். (அந்த ஊருணிகளிலும் பலவற்றில் எல்லோரும் குடம் நனைக்க முடிந்ததில்லை. அதை மறந்துவிட்டு ஊருணி புராணம் பாடினால் நானும் அந்தச் சுற்றுலாக்காரர்தான்.)

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழம் உள்ள குளம் ஏறக்குறைய 94,000 லிட்டர் பிடிக்கும். நல்ல வெயிலில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 432 லிட்டர் போய்விடும். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் கிட்டத்தட்ட 29 குடம். நேர்மையாகச் சொன்னால் இது பெரிய கொள்ளை இல்லை. குளத்துத் தண்ணீர் வடிகட்டிச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறது. ஒரு விடுதியின் ஷவரும் சலவையும் புல்தரையும் குடிப்பது அதைவிட அதிகமாகவே இருக்கும். ஆக, குளத்தை மூடு என்று நான் கோஷம் போடவில்லை. வீட்டை மட்டும் மீட்டெடுத்து, அந்த வீட்டின் மறுமுனையான ஊருணியைக் குப்பைமேடாக விட்டுவிட்டு, அதற்கு 'மீட்டெடுப்பு' என்று பெயர் வைக்காதீர்கள் என்கிறேன்.

*

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "விடுதியா மாறலைன்னா அந்த வீடே இருக்காதே?" உண்மை. முப்பது, நாற்பது பங்காளிகள் உலகமெங்கும் சிதறிக் கிடக்கிற வீட்டை யார் ஓடு மாற்றுவது? மழை ஒழுகும், கறையான் ஏறும், ஒருநாள் பிரித்து விற்றுவிடுவார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். தூண், நிலைக்கதவு, கல்யாணப் போட்டோ, யாரோ ஒரு அப்பச்சியின் எழுத்து மேசை எல்லாம் எடைக்கு வந்த மாதிரி கிடக்கும். 2014-லேயே செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. பட்டியல் கூரையைத் தாங்காது. விடுதிக்காரர்கள் தாங்குகிறார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கையால் சாயம் ஊற்றிக் கல் வார்க்கிறவர்களுக்கும் அதனால் வேலை கிடைக்கிறது. இதற்கெல்லாம் நன்றி சொல்லத் தயங்க மாட்டேன்.

ஆனால் கூரையைக் காப்பாற்றியவருக்குக் கதையைத் திருத்தும் உரிமை சேர்ந்து வராது. நான் கேட்பதெல்லாம் செலவு குறைந்த மூன்று காரியம். முட்டைக் கணக்கு சொல்லும்போது வட்டிக் கணக்கையும் சொல்லுங்கள். ஒரு சுவரில், பர்மா வரைபடம் ஒன்று, அந்த 6 சதவீதமும் 25 சதவீதமும், நடந்து வந்து செத்தவர்களுக்கு இரண்டு வரி. விருந்தாளி ஓடிவிட மாட்டான், இன்னும் ஒரு நாள் தங்குவான். இரண்டாவது, குளம் வெட்டுகிற ஒவ்வொரு விடுதியும் ஊராரோடு சேர்ந்து பக்கத்து ஊருணி ஒன்றைத் தூர்வாரி, வரத்து வாய்க்காலைத் திறந்துவிடட்டும். மூன்றாவது, செவ்வாய்க்கிழமை காலையில் எந்த விடுதியின் குளத்திலும் ஆள் இருப்பதில்லை. அந்த இரண்டு மணி நேரம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வேலைசெய்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்கட்டும். துண்டு கொடுக்கிற பையனே வாத்தியார். அவன் தம்பி முதல் மாணவன்.

நமக்கும் வேலை இருக்கிறது. தேக்குத் தூணில் சாய்ந்து படம் எடுத்து, மண்ணின் மணம் என்று இரண்டு வரி போட்டுவிட்டு, குளத்துக் கூச்சலைப் பார்த்து முகம் சுளிக்கிற வேலை இல்லை அது. அந்தக் கூச்சலில் தப்பே இல்லை. மல்லாந்து மிதக்கப் பழகிய அந்தத் தாத்தாவின் முகத்தை நான் மறக்க மாட்டேன். போங்கள், தங்குங்கள், குதியுங்கள். ஆனால் சுற்றிக்காட்டுகிறவர் சுவரைத் தடவச் சொல்லி "எத்தனை முட்டை?" என்று கேட்கும்போது, ஏலத்தில் சேராமல் ஒரே ஒருவர் கேளுங்கள்: "எத்தனை வட்டி?"

நான் ஒருத்தன் கேட்டால் அடுத்த அறைக்குப் போய்விடலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் பதில் தெரிந்துகொண்டு வர வேண்டியிருக்கும்.